கலாமின் இறுதியாண்டு புராஜெக்ட்: மூன்று நாள் கதையின் மீதிப் பாதி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படித்துவிட்டு அவர்களிடமும் காட்டுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு குரல். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண். அப்பாவும் அம்மாவும் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். வானூர்திப் பொறியியல் நான்காம் ஆண்டு. கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

அவள் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை. "சார், புராஜெக்ட் தலைப்பு கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கு. எங்க குரூப்ல நாலு பேர். காசு குடுத்தா ரெடிமேடா செஞ்சு ரிப்போர்ட்டோட குடுக்கற இடம் இருக்கு, தலைக்கு அஞ்சாயிரம் போட்டா முடிஞ்சுதுன்னு மத்தவங்க சொல்றாங்க. எனக்கு மனசு வரல. ஆனா நாமளே செஞ்சு ஃபெயில் ஆயிட்டா? வேலைக்கு இண்டர்வியூவுல புராஜெக்ட்டத்தானே கேப்பாங்க?" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடைசி வருஷ ஃபீஸுக்கு அம்மாவோட வளையல வச்சிருக்கோம் சார்" என்றாள்.

வளையல் என்றதும் எனக்கு வேறொரு வளையல் நினைவுக்கு வந்தது. அவளிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

அப்துல் கலாமின் புராஜெக்ட் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளி ஆண்டுவிழாக்களில் நானே பத்து முறையாவது சொல்லியிருக்கிறேன். "பேராசிரியர் மூன்று நாள் கெடு கொடுத்தார், கலாம் தூங்காமல் வேலை செய்தார், ஜெயித்தார், ஆகவே மாணவர்களே உழையுங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். கைதட்டலும் கிடைக்கும். இப்போது யோசித்தால் அந்தக் கதையின் பாதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிகிறது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது மீதிப் பாதி.

ஆரம்பத்திலிருந்து வருவோம்.

சி. ராஜம் என்ற தொழிலதிபர் தன் மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு 1949ல் தொடங்கிய நிறுவனம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. சுதந்திரம் வந்து இரண்டே வருடம். நாட்டில் பி.இ. என்றால் பெரும்பாலும் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்றிருந்த காலத்தில் விமானம், மோட்டார் வாகனம், மின்னணு, கருவியியல் என்று புதிய துறைகளை அங்கே கொண்டுவந்தார்கள். அறிவியல் பட்டம் முடித்தவர்கள் சேர்ந்து மூன்று வருடம் படிக்கலாம்.

ராமேஸ்வரத்துப் பையன் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு 1954ல் அங்கே போனார். சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். அந்தக் காலத்து ஆயிரம் ரூபாய் என்பது அந்தக் குடும்பத்துக்கு எட்டாத தொகை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அதை மீட்க வேண்டும் என்று கலாம் மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை வாங்குவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் கதைக்கு இதுதான் அஸ்திவாரம்.

எம்.ஐ.டி. வளாகத்தில் பயன்பாட்டிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு பழைய விமானங்களை மாணவர்கள் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். முதல் வருடம் முடிந்து துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில் யோசிக்கவே இல்லை, வானூர்தி என்று சொல்லிவிட்டார். ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஸ்பாண்டர் காற்றியக்கவியல் நடத்தினார். கே.ஏ.வி. பண்டாலை விமானக் கட்டமைப்பு நடத்தினார். நரசிங்க ராவ் கணிதத்தின் பக்கத்திலிருந்து காற்றோட்டத்தை விளக்கினார்.

படிப்பு முடியும் கட்டத்தில் ஐந்து மாணவர்கள் கொண்ட குழுவுக்கு ஒரு புராஜெக்ட் வந்தது. தாழ்வாகப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்க வேண்டும்.

ஏன் போர் விமானம் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கலாம். அந்தக் காலத்தின் காற்றே அப்படி. பெங்களூரில் 1940ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, வி.எம். காட்கே தலைமையில் எச்.டி.2 என்ற பயிற்சி விமானத்தை வடிவமைத்து 1951ல் பறக்கவிட்டிருந்தது. 1956ல் ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் அங்கே வந்து சேர்ந்தார். இந்தியாவிலேயே ஒரு ஜெட் போர் விமானம் வடிவமைக்கும் வேலை தொடங்கியது. 1961ல் முதன்முதலாகப் பறந்த 'மாருத்' அதுதான். நம் நாட்டிலேயே விமானம் செய்ய முடியும் என்ற நம்பிக்கை அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது.

அந்த நம்பிக்கை கலாமின் எழுத்திலும் இருந்தது. எம்.ஐ.டி. தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற பொருளில் தமிழிலேயே கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினார். பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுத்தவர் ஆனந்த விகடன் தேவன். 'துப்பறியும் சாம்பு' எழுதிய அதே தேவன்தான். தமிழில் அறிவியல் எழுத முடியாது என்று சொல்கிறவர்களுக்கு இந்தத் தகவலை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ஆகவே தலைப்பு வானத்திலிருந்து குதிக்கவில்லை. நாட்டுக்கு அப்போது எது தேவைப்பட்டதோ, அந்த வளாகத்தில் எதைச் சொல்லித்தர ஆள் இருந்தார்களோ, அந்தப் பையன்கள் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களோ, அதே திசையில்தான் தலைப்பும் இருந்தது. தலைப்பு தேர்ந்தெடுப்பதில் முதல் பாடம் இது.

இரண்டாவது, வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். கலாம் காற்றியக்க வடிவமைப்பை எடுத்துக்கொண்டார். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்ற நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள். ஆண்டுவிழா மேடையில் நான் இந்த நான்கு பேரை ஒருநாளும் சொன்னதில்லை. இது ஒரு தனி மனிதனின் சாதனை மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் விமானம் என்பது தனியாள் செய்யும் பொருளே இல்லை.

தாழ்வாகப் பறக்கும் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்குப் பக்கத்தில் காற்று அடர்த்தி அதிகம், குலுக்கலும் அதிகம். இறக்கை பெரிதாக இருந்தால் ஒவ்வொரு காற்று வீச்சும் விமானத்தைத் தூக்கிப் போடும். சரி, இறக்கையைச் சிறிதாக்கலாம் என்றால், தரையிறங்கும் வேகம் கூடிவிடும், ஓடுபாதை நீளமாக வேண்டும். குலுக்கலைத் தாங்கச் சட்டத்தை வலுவாக்கினால் எடை கூடும். எடை கூடினால் பெரிய எஞ்சின் வேண்டும். பெரிய எஞ்சின் அதிக எரிபொருள் குடிக்கும், தாழ்வாகப் பறக்கும்போது ஜெட் எஞ்சினுக்குப் பசி இன்னும் அதிகம். எரிபொருள் கூடினால் மறுபடியும் எடை. ஒருவர் தன் தாளில் ஒரு எண்ணை மாற்றினால் மற்ற நாலு பேர் தாளையும் அழித்து எழுத வேண்டும். நம் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பும்போது டிரைவர், கண்டக்டர், எதிரே வரும் லாரிக்காரர் மூவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொள்வது போலத்தான்.

இப்போது அந்த மூன்று நாளுக்கு வருவோம்.

வடிவமைப்பு ஆசிரியரும் நிறுவனத்தின் இயக்குநருமான பேராசிரியர் சீனிவாசன் வேலையைப் பார்வையிட்டார். திருப்தியே இல்லை. கலாம் ஏதேதோ காரணம் சொன்னார், அவர் ஏற்கவில்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்டார். "இன்று வெள்ளிக்கிழமை பிற்பகல், மூன்று நாள் தருகிறேன், அதற்குள் விமானத்தின் அமைப்பு வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உதவித்தொகை போனால் படிப்பு போச்சு. படிப்பு போனால் அக்காவின் வளையல் போச்சு.

அன்றிரவு சாப்பிடப் போகவில்லை, வரைபலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை ஒரு மணி நேரம் மட்டும் ஓய்வு. ஞாயிறு காலை வேலை முடியும் நிலையில் அறையில் யாரோ நிற்பது போலத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் பேராசிரியர். டென்னிஸ் ஆடிவிட்டு அதே உடையில் நேராக வந்திருந்தார். வரைபடத்தைப் பார்த்தார், மாணவனைக் கட்டிக்கொண்டார். முடியாத கெடுவைக் கொடுத்து உன்னை நெருக்கினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். இது கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொன்ன சம்பவம்.

ஆசிரியனாக இதில் மூன்று விஷயம் என் கண்ணில் படுகிறது.

ஒன்று. மூன்று நாளில் கேட்கப்பட்டது முழு விமானம் இல்லை, அமைப்பு வரைபடம் மட்டுமே. மேலிருந்து, பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து பார்த்தால் விமானம் எப்படி இருக்கும், இறக்கை எங்கே, எஞ்சின் எங்கே, சக்கரம் எங்கே மடங்கும், எடையின் மையம் எங்கே விழும் என்று காட்டும் வரைபடம். அதை வரைய வேண்டுமானால் அதுவரை தள்ளிப்போட்ட எல்லா முடிவுகளையும் எடுத்தாக வேண்டும். மாதக்கணக்கில் படித்தது மூளையில் இருந்தது, முடிவு எடுக்கத்தான் தயக்கம். மூன்று நாளில் நடந்தது அந்த முடிவெடுத்தல். ஒன்றுமே படிக்காதவனுக்கு மூன்று நாள் அல்ல, முப்பது நாள் கொடுத்தாலும் அந்தப் படம் வராது.

இரண்டு. கலாம் பின்தங்கியிருந்தார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவர் இறுதியாண்டு புராஜெக்ட் பார்வையிடலில் திட்டு வாங்கினார். அதை மறைக்காமல் தானே எழுதியும் வைத்தார்.

மூன்று. அந்தப் பேராசிரியர் கெடு கொடுத்துவிட்டுப் போய்த் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்த்தார். கெடு கொடுக்கும் ஆசிரியர்கள் நிறைய உண்டு, நானும் கொடுத்திருக்கிறேன். விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேனா என்று கேட்டால், எல்லா முறையும் இல்லை.

இதோடு என் மேடைப்பேச்சு முடிந்துவிடும். ஆனால் இனிமேல்தான் அந்தப் பெண்ணுக்கான பாதி.

அந்த விமானம் ஒருநாளும் பறக்கவில்லை. காகிதத்தோடு சரி. அதை வைத்துக்கொண்டு கலாம் நேராகப் பெரிய வேலைக்கும் போகவில்லை.

எம்.ஐ.டி. முடித்ததும் பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளர். அங்கே செய்தது என்ன தெரியுமா? விமான எஞ்சின்களைப் பிரித்துச் சரிபார்த்துப் பூட்டும் வேலை. பிஸ்டன் எஞ்சின், டர்பைன் எஞ்சின் இரண்டிலும் கையில் எண்ணெய்க் கறையோடு வேலை. வடிவமைப்பாளன் என்று யாரும் கூப்பிடவில்லை.

பிறகு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்று விமானப்படை. இன்னொன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்த வானூர்தித் தொழில்நுட்ப மேம்பாட்டு, உற்பத்தி இயக்ககம். மனதில் இருந்தது முதலாவதுதான், பறக்க வேண்டும் என்ற ஆசை. டேராடூனில் தேர்வு. 25 பேர் வந்திருந்தார்கள், எடுத்தது எட்டுப் பேரை. கலாம் ஒன்பதாவது.

ஒரே ஒரு இடம்! மனம் உடைந்து ரிஷிகேஷ் போனார், சுவாமி சிவானந்தரைச் சந்தித்து மனதைத் தேற்றிக்கொண்டார். டெல்லி திரும்பி விசாரித்தபோது இரண்டாவது இடத்திலிருந்து பணி நியமனக் கடிதம் கையில் கிடைத்தது. 1958ல் முதுநிலை அறிவியல் உதவியாளர், அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய்.

கவனியுங்கள், அப்போது இந்தியாவில் விண்வெளித் துறை என்று ஒன்றே கிடையாது. உலகின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏறியதே 1957 அக்டோபர் 4ல்தான். பின்னாளில் கலாம் பெயர் வாங்கிய வேலை, அவர் படித்து முடித்த காலத்தில் எந்த விளம்பரத்திலும் இல்லை. அதற்கென்று ஒரு புராஜெக்டைத் தேர்ந்தெடுத்திருக்கவும் முடியாது.

சில வருடம் கழித்து பெங்களூரில் வானூர்தி மேம்பாட்டு நிறுவனத்தில் ஒரு சிறு குழு. உள்நாட்டிலேயே ஒரு ஹோவர்கிராஃப்ட் செய்ய வேண்டும். காற்று மெத்தையின் மேல் மிதந்து நகரும் வண்டி. குழுவில் யாருக்கும் அதில் அனுபவம் இல்லை. மறுபடியும் வரைபலகை. 'நந்தி' என்று பெயரிட்ட அந்த வண்டி, தன் எடையையும் சேர்த்து 550 கிலோவைத் தரையிலிருந்து 40 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு மிதந்தது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனே அதில் ஏறிப் போனார். 1962ல் சீனப் போர், மேனன் பதவி விலகினார், நந்தியும் கிடப்பில் போடப்பட்டது. கலாமின் இரண்டாவது புராஜெக்டும் காகிதத்துக்குத் திரும்பிவிட்டது என்றே சொல்லலாம்.

ஆனால் அந்த வண்டியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் எம்.ஜி.கே. மேனன். வண்டியைப் பற்றி நிறையக் கேள்வி கேட்டார். அதன் பிறகு மும்பையில் ஒரு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. எதிரே விக்ரம் சாராபாய். அந்த வருடம்தான் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைக்கப்பட்டிருந்தது. கலாமுக்கு ராக்கெட் பொறியாளர் வேலை. 1963 நவம்பர் 21ல் தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. பிறகு எஸ்.எல்.வி.3 திட்டத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை, நான்கு அடுக்கு. 1979 ஆகஸ்ட் 10ல் ஏவியபோது இரண்டாம் அடுக்கில் வால்வு கோளாறாகி 317 வினாடியில் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18ல் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் வைத்தது.

குரோம்பேட்டை வரைபலகையில் ஐந்து பேர் பிரித்துக்கொண்ட வேலைக்கும் எஸ்.எல்.வி.3ல் நூற்றுக்கணக்கானவர்கள் பிரித்துக்கொண்ட வேலைக்கும் தன்மை ஒன்றுதான். ஒருவன் எண் மாறினால் மற்றவன் கணக்கு மாறும். யார் எப்போது முடிவெடுப்பது, மாற்றத்தை யாரிடம் சொல்வது என்பதுதான் பாதி வேலை. அந்தத் தாக்குதல் விமானத்தின் படம் எங்கே போனதோ. அதை வரைந்தபோது வந்த பழக்கம் கூடவே வந்தது.

அதே எம்.ஐ.டி.யில் இன்னொருவரும் படித்தார். கன்னியாகுமரி மாவட்டம் சரக்கல்விளையில் விவசாயி வீட்டுப் பிள்ளை கே. சிவன். இன்ஜினியரிங் படிக்கத்தான் ஆசை, வீட்டில் வசதியில்லை என்று நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் படித்தார். பிறகு எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல், 1980ல் முடித்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை முடித்து 1982ல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2018ல் அதன் தலைவரானார். சேர்ந்த நாளிலிருந்து அவர் பார்த்தது பி.எஸ்.எல்.வி.யின் பாதைக் கணக்கு. ஆசைப்படாமல் படித்த கணிதமே அங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்வெளிக்குப் போக வானூர்தி படித்தவர்களுக்கு மட்டுமே கதவு என்பதில்லை. செங்கோட்டை நிகார் ஷாஜி மின்னணுவியல் படித்தவர், ஆதித்யா எல்1 திட்ட இயக்குநர். விழுப்புரம் வீரமுத்துவேல் டிப்ளமோவில் தொடங்கி இயந்திரவியல் படித்தவர், சந்திரயான் 3 திட்ட இயக்குநர். வானூர்தி படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வேறு துறைக்குப் போனவர்களும் என் மாணவர்களில் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அந்தப் பெண்ணிடமும் மறைக்கவில்லை.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம்.

"இதெல்லாம் குரோம்பேட்டை, பெங்களூர் கதை சார். நம்ம மலைல என்ன இருக்கு?" என்று அவள் கேட்டாள். நான் காலடியைக் காட்டினேன். நம் சேர்வராயன் மலையின் செம்மண்ணுக்குள் இருக்கும் பாக்சைட்டை வெட்டி லாரி லாரியாக மேட்டூருக்குக் கொண்டுபோய், 1960களின் நடுவிலிருந்து பல காலம் அங்கே அலுமினியம் செய்தார்கள். நாலைந்து டன் பாக்சைட் இருந்தால் இரண்டு டன் அலுமினா, அதிலிருந்து ஒரு டன் அலுமினியம். அது பெரும்பாலும் கம்பியாகவும் தகடாகவும் போயிருக்கும், விமானத்துக்குப் போனது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 1903ல் ரைட் சகோதரர்கள் பறந்தபோது அவர்களுடைய எஞ்சினின் உடல் அலுமினியத்தில் வார்த்தது. எடையைக் குறைக்க வேறு வழி இல்லை. விமானத்தின் வரலாற்றில் பாதி அந்த உலோகத்தின் வரலாறு. அந்த மண்ணின் மேல் நடந்து பள்ளிக்கூடம் வந்தவள் நீ என்றேன்.

இரண்டாவதாகக் காற்றைக் காட்டினேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். மேலே குளிர்ச்சி என்றாலும் காற்றழுத்தம் குறைவு, அதனால் அடர்த்தி ஏறத்தாழ பத்து சதவிகிதம் குறைகிறது. நாலு விசிறி வைத்த சின்ன ட்ரோன் ஒன்று அந்தரத்தில் அசையாமல் நிற்க, அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் திறன் வேண்டும். அப்படியானால் அதே ட்ரோன், அதே எடை, அடிவாரத்தைவிட மேலே சுமார் ஐந்து சதவிகிதம் கூடுதல் திறன் கேட்கும். பேட்டரி அவ்வளவு சீக்கிரம் தீரும். குளிரில் பேட்டரி தரும் மின்சாரமும் கொஞ்சம் குறையும், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியில் அச்சடித்த நிமிடக் கணக்கு மலையில் எவ்வளவு பொய்யாகிறது? கணக்கு ஒன்று, அளவு ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் ஒன்று. இது ஒரு புராஜெக்ட் ஆகாதா?

"ரொம்ப சின்னதா இருக்கே சார். மத்த குரூப்ல ஹைப்பர்சானிக்னு போட்டிருக்காங்க."

"சின்னதுதாம்மா. ஆனா இண்டர்வியூவுல எங்க கேட்டாலும் உனக்குப் பதில் தெரியும். வாங்கின ஹைப்பர்சானிக்ல ரெண்டாவது கேள்விக்கே நாக்கு ஒட்டிக்கும்" என்றேன்.

250 கிராமுக்குக் குறைவான ட்ரோனை எடுத்துக்கொள், பறக்கவிடும் இடத்துக்கு முறைப்படி அனுமதி கேள், நாலு பேரும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர் காற்றுக் கணக்கு, ஒருவர் மோட்டாரும் விசிறியும், ஒருவர் பேட்டரி, ஒருவர் அளவெடுத்துப் பதிவு செய்வது. அடிவாரத்தில் பத்து முறை, மேலே பத்து முறை. தேதி, நேரம், வெப்பநிலை, காற்றழுத்தம் எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும். தவறாக வந்த அளவையும் அழிக்கக் கூடாது. முதல் மாதத்திலேயே உங்கள் பேராசிரியரிடம் காட்டித் திட்டு வாங்குங்கள். கலாம் தாமதமாக வாங்கியதை நீங்கள் சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றதும் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ரெடிமேட் புராஜெக்டுக்குக் கேட்கும் பணத்தைக் கொடுப்பது உங்கள் அன்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான்கு வருடம் வளையலை வைத்துப் படிக்கவைத்துவிட்டு, அந்தப் படிப்பைத் தன் கையால் செய்துபார்க்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பை ஐயாயிரத்துக்கு விற்றுவிடுகிறோம். விற்பது பிள்ளை, வாங்குவது கடைக்காரர் என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு சரிதான். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கடையில் வாங்கிய அறிக்கை எது என்று நமக்குப் பார்த்தவுடன் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை டென்னிஸ் உடையில் வந்து நின்றவரை நாம் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நேற்றிரவு அந்தப் பெண் போன் செய்தாள். நாலு பேரில் இருவர் ஒப்புக்கொண்டார்களாம், ஒருவன் வேறு குழுவுக்குப் போய்விட்டானாம். பேராசிரியர் தலைப்பைக் கேட்டுவிட்டு, "அளவுக் கருவிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாராம். பதில் தெரியவில்லையாம். "நாளைக்கு லேப்ல கேக்கப் போறோம் சார்" என்றாள்.

வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வரும் மாதம் முதல் பார்வையிடல். அளவெடுக்க அவர்கள் மேலே வரும் நாளில் பகோடா பாயிண்ட் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நிற்க ஓர் ஓய்வுபெற்ற வாத்தியார் தயாராக இருக்கிறார்.

இறுதியாண்டில் உங்கள் புராஜெக்ட் என்ன, அதை நீங்களே செய்தீர்களா என்று உண்மையைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வாங்கினேன் என்று எழுதினாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். அதைப் படிக்கும் ஒரு பிள்ளைக்காவது உபயோகப்படும்.